விரைவின் விலை

பிறர் பணத்தைத் தம்மிடம் வைத்திருப்போர், அதனை உரியவரிடம் விரைந்து சேர்ப்பதற்குக் கூலி பெறுவது அறமாகுமா? கைப்பேசிச் செயலிகள் வழியே பணம் கைமாறும் இக்காலத்தில் இவ்வினா சிறியதன்று.

அமெரிக்காவில் வழங்கும் வென்மோ என்னும் செயலியைச் சான்றாகக் கொள்வோம். உணவுச் செலவைப் பங்கிடுவது முதல் வீட்டு வாடகையில் தம் பங்கைத் தருவது வரை அங்குள்ளோர் அதனைக் கையாளுகின்றனர். வந்த பணம் செயலியின் இருப்பிலேயே தங்கும். அதனை வங்கிக் கணக்கிற்கு மாற்ற இரு வழிகள் உள. ஒன்று முதல் மூன்று வேலைநாள்கள் காத்திருப்பின் கட்டணம் இல்லை. சில நிமிடங்களில் வேண்டுமாயின் 1.75 விழுக்காடு செலுத்த வேண்டும். குறைந்த அளவு 25 சென்ட், உச்ச அளவு 25 டாலர். 2022 மே மாதத்தில் உயர்த்தப்படும் முன் இது 1.5 விழுக்காடாகவும், உச்சம் 15 டாலராகவும் இருந்தது.

"விரும்பினால் செலுத்துக, இல்லையேல் பொறுத்திருக்க, இதில் குற்றம் யாது?" என வினவுவோர் உளர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. விரைவு அஞ்சலுக்கும் விரைவு வண்டிக்கும் நாம் கூடுதலாகத் தருகிறோம் அன்றோ? பணத்தை உடனே அனுப்புவதில் நிறுவனத்திற்கும் செலவு உண்டு.

ஆயினும் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்பது ஆசிரியப் பணி புரிந்த நம்மை விட்டு நீங்காத பழக்கம். 5 டாலரை உடனே எடுப்பவர் 25 சென்ட் இழக்கிறார். அது 5 விழுக்காடு. 100 டாலர் எடுப்பவர் இழப்பது 1.75 விழுக்காடு. 5,000 டாலர் எடுப்பவரோ உச்சவரம்பின் நிழலில் 25 டாலரே தருகிறார்; அது அரை விழுக்காடு. சிறுதொகை எடுப்பவர் தரும் விகிதம் பெருந்தொகை எடுப்பவர் தருவதைப்போல் பத்து மடங்கு!

அவசரம் எல்லாம் ஒரு தன்மைத்தன்று. ஆசையால் எழும் அவசரம் ஒன்று. தேவையால் எழுவது மற்றொன்று. ஐந்து டாலருக்காக மூன்று நாள் பொறுக்க இயலாதவர் பெரும்பாலும் இரண்டாம் வகையினரே. வங்கி இருப்பு குறைந்தால் விதிக்கப்படும் தண்டத்திற்கு அஞ்சுபவரிடம் 'பொறுத்திரு' என்பதைத் தெரிவுரிமை என்று கூற நமக்கு மனம் ஒப்பவில்லை.

காத்திருக்கும் பணமும் வாளா இருப்பதன்று. இத்தகைய செயலிகளில் தங்கும் தொகையை நிறுவனங்கள் முதலீடு செய்து பொருள் ஈட்டக்கூடும் என்றும், அத்தொகைக்கு வைப்புக் காப்பீடு இல்லாமற்போகலாம் என்றும் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023 ஜூனில் எச்சரித்தது. ஆகவே பொறுத்திருப்பவரும் ஒருவகையில் விலை கொடுப்பவரே.

நம் நாட்டில் 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு வங்கிக் கணக்கிற்கு நேரே செல்வதால், இடையில் தேங்கும் இருப்பு என்பதே இல்லை. தனி மனிதர் ஒருவருக்கொருவர் அனுப்புவதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் இலவசம் என்று இறுமாந்துவிட வேண்டா. அச்செலவை வங்கிகள் சுமக்கின்றன. அரசும் வரிப்பணத்திலிருந்து ஊக்கத்தொகை அளித்துள்ளது.

கட்டணமே கூடாதென்று நாம் வாதிடவில்லை. 25 சென்ட் என்னும் அடிவரம்பை மட்டும் நீக்கிப் பாருங்கள்: அதே 1.75 விழுக்காட்டில், ஐந்து டாலருக்கு ஒன்பது சென்ட்டே ஆகும்.