பொதுப்பொருளுக்குக் காவலர் யார்?

தனக்கு உரிய பொருளை ஒருவன் தானே பேணுகிறான். பலருக்கும் உரிய பொருளைப் பேண வேண்டியவர் யார்? மிகப் பழைய இக்கேள்வி, கடந்த அறுபது ஆண்டுகளாக உலகப் பெருநகரங்களின் தெருவோரத்தில் ஒரு மிதிவண்டியின் வடிவில் நின்றுகொண்டிருக்கிறது. நகரத்தார் எவரும் ஓரிடத்தில் எடுத்து, வேண்டிய தொலைவு ஓட்டிச் சென்று, மற்றோரிடத்தில் விட்டுப் போகத்தக்க பொது மிதிவண்டித் திட்டங்களையே சொல்கின்றோம். அவற்றுக்கு ஆகும் செலவு தகுமா, அது யாருடைய பணம், பயன் பெறுவோர் யாவர் என்னும் வாதம் நகர மன்றங்களில் இன்னும் ஓயவில்லை. கணக்கர்கள் இதனை வரவு செலவுப் பிரச்சினையாக நோக்குகின்றனர். சற்றே ஆழ்ந்து சிந்திப்போர்க்கு, இது அறத்தின்பாற்பட்ட பிரச்சினையும் ஆகும் என்பது விளங்கும்.

இதன் தொடக்கம் 1965ஆம் ஆண்டு. இடம் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம். மோட்டார் வாகனங்களால் நகரம் மூச்சுத் திணறுவதைக் கண்ட 'ப்ரோவோ' என்னும் இளைஞர் இயக்கத்தினர், சில மிதிவண்டிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசிப் பூட்டாமல் தெருவில் விட்டனர். வேண்டியவர் எடுத்துச் செல்லலாம்; வேலை முடிந்ததும் அடுத்தவருக்காக விட்டுச் செல்லலாம். வண்டியைப் பூட்டாமல் விடுவது சட்டப்படி குற்றம் என்று கூறிக் காவல்துறையினர் அவற்றைக் கைப்பற்றினர். இளைஞர்கள் சளைக்கவில்லை. எண் பூட்டுகளை மாட்டி, பூட்டைத் திறக்கும் எண்ணை வண்டியின் மீதே எழுதி வைத்தனர்! இவ்வியக்கத்தைச் சேர்ந்த லூட் ஸ்கிமல்பெனிங்க் பின்னர் 1967இல் நகர மன்ற உறுப்பினரானார். பொதுப் போக்குவரத்தில் ஓர் ஆளை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்ல நகராட்சி அளிக்கும் தொகையில், பத்தில் ஒரு பங்கே வெள்ளை மிதிவண்டிக்குப் போதும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். மன்றம் அதனை ஏற்கவில்லை.

அந்த இளைஞர்களின் நோக்கம் உயர்ந்தது. எனினும், எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள் என்னும் நம்பிக்கை ஒன்றை மட்டுமே காவலாகக் கொண்டு ஒரு பொருள் தெருவில் நிலைத்திருக்குமா? அடுத்து வந்தவர்கள் இக்கேள்விக்கு ஒவ்வொரு விடையாகத் தேடினர். 1995இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் ஆயிரம் மிதிவண்டிகளை நிறுத்தி வைத்தது. இருபது குரோனர் நாணயத்தை இட்டால் வண்டி விடுபடும். திருப்பி நிறுத்தினால் நாணயம் திரும்ப வரும். ஆனால் எடுத்தவர் யார் என்பதை அந்நாணயம் சொல்லாது. இருபது குரோனரை இழக்கத் துணிந்தவனுக்கு ஒரு வண்டியே கிடைத்துவிடும் அன்றோ? 1998இல் பிரான்ஸின் ரென் நகரம் மின்னணு அட்டையைப் புகுத்தியது. அதன்பிறகே எடுத்தவரின் பெயர் வண்டியோடு பிணைக்கப்பட்டது.

இவ்விடத்தில், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்த வாடகை சைக்கிள் கடைகள் நினைவுக்கு வருகின்றன. கடைக்காரர் எடுத்தவரின் பெயரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். அறிமுகமில்லாதவர் வந்தால், தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். காற்றடிப்பவரும் பங்க்சர் ஒட்டுபவரும் அவரே. அங்கே பூட்டினும் வலிய காவல், மனிதரை மனிதர் அறிந்திருந்த அறிமுகம். பொருளுக்கு உரியவரும் பேணுபவரும் கடனாகத் தருபவரும் ஒருவராகவே இருந்தமையால், பொறுப்பு யாரைச் சாரும் என்னும் ஐயம் அங்கு எழவில்லை. ஒருவரையொருவர் அறியாத மக்கள் இலட்சக்கணக்கில் வாழும் மாநகரில் அத்தகைய அறிமுகத்தை எங்ஙனம் உண்டாக்குவது? அதனை விலைகொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. பொது மிதிவண்டிகளுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி இந்த விலைதான்.

பாரிஸ் நகரின் அனுபவம் இதனைத் தெளிவாகக் காட்டும். 2007ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அங்கு 'வெலிப்' என்னும் திட்டம் தொடங்கிற்று. ஆண்டுக் கட்டணம் 29 யூரோ. ஒவ்வொரு பயணத்திலும் முதல் அரைமணி நேரத்துக்கு வாடகை இல்லை. ஜேசிதெகோ என்னும் விளம்பர நிறுவனம் வண்டிகளை நடத்தும் பொறுப்பை ஏற்றது. அதற்கு ஈடாக நகரத்தின் விளம்பரப் பலகைகளை அது பயன்படுத்திக்கொண்டது. மக்கள் பெரிதும் விரும்பி வரவேற்றனர். ஆனால் ஈராண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான வண்டிகள் களவு போயின. அவற்றினும் மிகுதியானவை உடைக்கப்பட்டன. சில சேன் நதியினின்று எடுக்கப்பட்டன. சில விளக்குக் கம்பங்களில் தொங்கின. ஒரு வண்டியை மாற்றுவதற்கு 400 யூரோ ஆகிறது என்று நிறுவனம் முறையிட்டது.

களவு ஒருபுறமிருக்க, மனித இயல்பே மற்றொரு செலவைக் கொணர்ந்தது. மொன்மார்த்ர் குன்றின் மேலிருப்போர் காலையில் வண்டியை எடுத்துச் சரிவில் இறங்குவர். மாலையில் மேடேற மிதிக்க மனமின்றி வேறு வழியில் வீடு திரும்புவர். தண்ணீர் பள்ளம் நோக்குவதுபோல் வண்டிகளெல்லாம் தாழ்விடத்தில் சேர்ந்துவிடும். அவற்றை லாரிகளில் ஏற்றி மீண்டும் மேலே கொண்டு செல்ல வேண்டும். மேட்டு நிலையங்களில் வண்டியை விடுவோர்க்குக் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் இலவசம் என்று அறிவித்தும் பார்த்தனர். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும்: வண்டியை வாங்குவது எளிய செலவு, அதனை எடுத்து வைத்து, துடைத்து, திருத்தி, எண்ணெயிட்டு, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் வேளையில் நிற்கச் செய்வதே பெருஞ்செலவு.

உடைத்தவர்களின் குற்றத்தை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நிலையங்கள் பாரிஸ் நகர எல்லைக்குள் மட்டுமே இருந்தன. வண்டி எடுக்க வங்கி அட்டை வேண்டும். 150 யூரோ பிணையாகக் காட்டப்பட வேண்டும். புறநகரில் வசிக்கும் வங்கி அட்டையற்ற இளைஞனுக்கு அவ்வண்டி பொதுப்பொருள் ஆகுமா? பங்கு அளிக்கப்படாதவனிடம் காவலை மட்டும் எதிர்பார்ப்பது எங்ஙனம்? அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2015இல் தன் திட்டத்தைத் தொடங்கியபோது இதனை உணர்ந்து நடந்தது. அட்டை இல்லாதோர் ரொக்கமாகக் கட்டணம் செலுத்த வழி செய்தது. வறியோர் வாழும் பகுதிகளிலும் நிலையங்களை அமைத்தது.

பொறுப்பின் மறுபக்கத்தைச் சீனத்தில் காணலாம். பெய்ஜிங் பல்கலைக்கழக வளாகத்தில் 2014இல் பிறந்த 'ஓஃபோ' என்னும் தனியார் நிறுவனம், நிலையங்களே இன்றி, எங்கும் எடுத்து எங்கும் விடத்தக்க மஞ்சள் வண்டிகளைப் பல நகரங்களில் குவித்தது. முதலீட்டாளர்களின் பணம் வெள்ளமெனப் பாய, போட்டி நிறுவனங்களும் பெருகின. தேவைக்கு மிஞ்சிய வண்டிகள் நடைபாதைகளை அடைத்தன. பின்னர் காலி மைதானங்களில் மலைபோல் குவிந்து துருப்பிடித்தன. ஓஃபோவில் சேர்வோர் முதலில் 99 யுவானும், பின்னர் 199 யுவானும் வைப்புத்தொகை செலுத்த வேண்டியிருந்தது. 2018 டிசம்பரில் அத்தொகையைத் திரும்பக் கேட்டு மக்கள் அந்நிறுவனத்தின் வாசலில் கடுங்குளிரில் வரிசையில் நின்றனர். கைப்பேசி வழியே காத்திருந்தோரின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்தது.

நாம் அமானிதம் என்று வழங்கும் சொல்லின் பொருள் இங்கே நினைக்கத்தக்கது. வண்டியை எடுத்துச் செல்பவன் கையில் வண்டி அமானிதம். வைப்புத்தொகையைப் பெற்றவன் கையில் அப்பணம் அமானிதம். முன்னவன் தவறினால் கள்வன் என்கிறோம். பின்னவன் தவறினால் தொழில் நட்டம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இஃது எந்த நீதியில் சேரும்? அதே சீனத்தின் ஹாங்ஜோ நகரில் 2008இல் நகர நிர்வாகமே தொடங்கிய பொது மிதிவண்டித் திட்டம், முதல் ஒரு மணி நேரத்தை இலவசமாக அளித்து, 2011 வாக்கில் அறுபதினாயிரம் வண்டிகளாக வளர்ந்தது. மக்கள் அவர்களே, மிதிவண்டியும் அதுவே. விரைந்து பெருகுவதை ஒன்று நாடிற்று; நின்று பேணுவதை மற்றொன்று மேற்கொண்டது.

இனி, முதற்கேள்விக்கு வருவோம். இச்செலவு தகுமா? 'ஓட்டுபவர் தரும் கட்டணம் செலவுக்கு ஈடாகவில்லை. ஓட்டாதவர்களின் வரிப்பணத்தில் ஓட்டுபவர்கள் சவாரி செய்கின்றனர்' என்று சிலர் குறை கூறுகின்றனர். இது புறக்கணிக்கத்தக்க குறையன்று. முதியோரும் உடற்குறை உடையோரும் இவ்வண்டிகளை ஏறிட்டும் பாரார். மேலும், பொது மிதிவண்டியை எடுப்போருள் பெரும்பாலோர் முன்பு நடந்தோ பேருந்திலோ சென்றவர்களே என்றும், காரை விட்டு வந்தோர் சிலரே என்றும் பல நகரங்களின் ஆய்வுகள் கூறுகின்றன. வெளியாகும் புகை குறையும் என்னும் வாக்குறுதியை அப்படியே ஏற்பதற்கில்லை.

எனினும் தெருவிளக்கு இலாபம் தருகிறதா என்று நாம் கேட்பதில்லை. நூலகம் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்று எவரும் வற்புறுத்துவதில்லை. பார்சிலோனா நகரின் 'பைசிங்' திட்டத்தை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, மிதிப்பதால் உடலுக்கு விளையும் நன்மை, விபத்தாலும் மாசடைந்த காற்றாலும் வரும் தீமையினும் பெரிது என்று கண்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு மரணங்கள் தவிர்க்கப்படுவதாக மதிப்பிட்டது. பன்னிரண்டு உயிர்களை எந்தக் கணக்கேட்டின் எந்தப் பத்தியில் எழுதுவது?

ஆகவே, இலாபம் இல்லை என்பதால் மட்டும் ஒரு பொதுநலத் திட்டம் வீண் ஆகிவிடாது. பொதுநலம் என்று பெயர் சூட்டிவிட்டதால் மட்டும் வீண்செலவு அறமாகிவிடவும் மாட்டாது. மெல்பர்ன் நகரம் 2010இல் தொடங்கிய திட்டத்தை, ஓட்டுவோர் போதாமையால் 2019இல் நிறுத்திவிட்டது. தலைக்கவசம் கட்டாயமாயிருந்த அந்நாட்டில், நினைத்தவுடன் வண்டியை எடுத்து ஓட்டுவது எளிதாக இருக்கவில்லை. பயன்படாததை நிறுத்துவதும் பொதுப்பணத்துக்குச் செய்யும் நேர்மையே. பாரிஸில் 2018இல் திட்டம் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியபோது, புதிய நிலையங்கள் உரிய காலத்தில் திறக்கப்படவில்லை. நாள்தோறும் அவ்வண்டியை நம்பி வேலைக்குச் சென்றோர் பல மாதங்கள் அல்லலுற்றனர். மக்களை ஒன்றை நம்பச் செய்துவிட்டுப் பின் கைவிடுவது, தொடங்காமலே இருப்பதினும் தீது.

எனவே, நகரத்தை ஆள்வோர் இத்திட்டத்தைத் தொடங்குமுன் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். வறியவனும் இதனை எடுக்க இயலுமா? மக்கள் முன்பணம் தந்தால் அது கேட்டவுடன் திரும்பக் கிடைக்குமா? பத்தாம் ஆண்டிலும் இதனைப் பழுது பார்ப்பதற்குப் பொருளும் ஆளும் இருக்குமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல இயலுமாயின், செலவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. திறப்பு விழாவுக்கும் புதிய வண்டிகளுக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன், சரிவின் அடியில் கிடக்கும் வண்டிகளை இரவில் லாரியில் ஏற்றி, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, விடியுமுன் மேட்டில் நிறுத்தி வைக்கும் தொழிலாளியின் ஊதியத்தை ஒதுக்கட்டும். பொதுப்பொருளுக்கு முதற்காவலர் அவரே.