பிரம்புப் பின்னலும் திரையொளியும்

கியூபிச ஓவியங்களைத் தொகுத்துக் கணினித் திரையில் காட்டும் மின்னணுக் கண்காட்சியால் அவ்வோவியங்களை உள்ளபடி அறிய இயலுமா என்று சீடன் வினவினான்.

"எதை அறிய இயலும் என்பதை முதலில் கருதுவோம்" என்றார் ஆசிரியர். "ஒரு பொருளை ஓரிடத்தில் நின்று கண்டவாறு வரையாமல், பல பக்கங்களிலிருந்து கண்டவற்றைச் சிறு தளங்களாக உடைத்து ஒரே பரப்பில் இணைக்கும் முறையே கியூபிசம். பாரிசில் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் அதனை வளர்த்தபோது அவர்களுடைய படங்களை வாங்கி விற்ற கான்வைலர் ஜெர்மானியர் ஆதலால், முதல் உலகப்போரின்போது பிரெஞ்சு அரசு அவருடைய இருப்பைப் பறிமுதல் செய்து, 1921 முதல் 1923 வரை நான்கு ஏலங்களில் விற்றது. ஒன்றுக்கொன்று விடையாக எழுந்த படங்கள் அவ்வாறு சிதறின. இன்று பிராக்கின் ‘போர்த்துகீசியர்’ (1911) பாசல் நகரிலும், பிக்காசோ தீட்டிய கான்வைலரின் உருவப்படம் (1910) சிகாகோவிலும் உள்ளன. அவற்றை அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பைத் திரை தருகிறது. அது சிறிய உதவியன்று."

"ஒவ்வொரு தூரிகைக் கோட்டையும் பெரிதாக்கிக் காணவும் முடிகிறதே, ஐயா, இதற்கு மேல் குறை என்ன இருக்க முடியும்?"

"பிக்காசோ 1912இல் செய்த ‘பிரம்பு நாற்காலிப் பின்னலுடன் நிலைப்பொருள்கள்’ என்னும் படத்தை எடுத்துக்கொள். முட்டை வடிவிலான அச்சிறு படத்தில், பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுசீலை ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. அதன்மீதும் அருகிலும் கண்ணாடிக் குவளை முதலியவை எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டுள்ளன. சுற்றிலும் உண்மையான கயிறு சட்டமாக அமைந்துள்ளது. வேற்றுப்பொருளைப் படத்தில் ஒட்டும் இம்முறைக்குக் கொலாஜ் என்று பெயர். எல்லாவற்றினும் மெய்போலத் தோன்றும் பிரம்பு இயந்திரம் அச்சடித்த போலி என்பதும், மெய்யான கயிறோ சித்திர வேலைப்பாடுள்ள சட்டத்தின் இடத்தில் நிற்கிறது என்பதும் கண்ணுக்குப் படிப்படியாகவே புலப்படும். பொருள், அச்சுப் பிம்பம், கைத்தீட்டல் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றையொன்று ஐயுறுகின்றன. திரையிலோ மூன்றும் ஒரே ஒளியாகிவிடுவதால், அந்த ஐயம் எழுவதற்கே இடமில்லாமல் போகிறது."

சீடன் உடன்படவில்லை. "அச்சிட்ட நூலிலும் இக்குறை உண்டு, அதற்காக யாரும் நூலை விலக்குவதில்லையே."

"உண்மை. ஆயினும் நூல் படத்தை அசைப்பதில்லை. சில கண்காட்சிகள் தட்டையான தளங்களைப் பிரித்தெடுத்து, அவற்றை முப்பரிமாணப் பொருளாகச் சுழலவிடுகின்றன. பெருங்கேடு விளைவது அங்கேதான். ஓவியர் செசானிடமிருந்து கற்ற ஒரு வழக்கத்தால், கியூபிச ஓவியர்கள் தளங்களின் விளிம்புகளை முழுமையாக மூடாமல் ஒன்றுக்குள் ஒன்று கசியவிட்டனர். ஆகவே ஒரே தளம் குவளைக்கும் உரியதாகும், பின்னாலுள்ள வெளிக்கும் உரியதாகும். கணினி அதனைச் சுழற்ற வேண்டுமாயின் அத்தளம் எதற்குரியது என்று தீர்மானித்தே ஆக வேண்டும். ஓவியன் திறந்து வைத்ததை அது மூடிவிடுகிறது. பார்ப்பவருடைய கண் செய்ய வேண்டிய உழைப்பையும் பறித்துக்கொள்கிறது."

"பிக்காசோவே 1912இல் அட்டையால் ஒரு கிதாரைச் செய்தாரே, முப்பரிமாணம் கியூபிசத்துக்குப் பகை என்று எவ்வாறு கூறுவது?"

ஆசிரியர் அம்மறுப்பை மகிழ்ந்து ஏற்றார். "நன்று கேட்டாய். முப்பரிமாணம் பகை என்றது மிகையே. ஆனால் அக்கிதாரில் குழியாக இருக்க வேண்டிய ஒலித்துளை உருளையாக வெளியே நீட்டி நிற்கிறது. உடலும் மூடப்படாமல் திறந்து கிடக்கிறது. பழைய படத்துக்குச் சதை சேர்க்காமல், அதே வினாவை வேறு பொருளில் அவர் மறுபடி எழுப்பினார். சுழலும் பிம்பத்தில் எவ்வினாவும் எழுவதில்லை."

"அவ்வாறாயின் மின்னணுக் கண்காட்சி செய்யத்தக்கது எது?"

"படத்தை அசையாமல் வைத்து, அதன் மெய்யளவை ஒரு மனிதக் கையின் அருகே காட்டலாம். பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி எடுத்த நிழற்படங்களைச் சேர்த்தால், ஒட்டிய தாளின் விளிம்பும், பிராக் வண்ணத்தில் கலந்த மணலின் துகளும் தம் நிழலால் வெளிப்படும். ஏலத்தில் பிரிந்த படங்களை வரையப்பட்ட கால வரிசையில் மீண்டும் அடுக்குவதைத் திரையைப்போல் எந்த அருங்காட்சியகமும் எளிதில் செய்துவிடாது. தொடங்குவோர் அங்கிருந்து தொடங்கலாம்."