நோட்டுல எழுதிக்கோங்க

கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தெருமுனைக் கடையில வாங்குறதை என்னமோ பெரிய அறம் மாதிரி பேசுறீங்க. துவரம்பருப்பு அங்க கிலோவுக்குப் பன்னெண்டு ரூபா அதிகம். அந்தப் பன்னெண்டு ரூபாயை எந்தக் கணக்குல எழுதுவீங்க? வியாபாரமா, தர்மமா?"

வியாபாரம் என்றால் விலை குறைந்த இடத்தில் வாங்குவதுதான் முறை. தர்மம் என்றால், என் பன்னிரண்டு ரூபாய்க்கு அதைவிடத் தேவையுள்ளவர்கள் இருக்கிறார்கள். அதோடு, காலை ஐந்தரைக்குக் கடை திறந்து இரவு பத்தரைக்குப் பூட்டும் ஒரு மனிதரை என் தர்மத்துக்குப் பாத்திரமானவராக நினைப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. இரண்டு கதவுகளையும் சாத்திவிட்டுத்தான் நண்பர் கேட்டார்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் எனக்கு அவ்வளவாக உதவவில்லை. உள்ளூர்க் கடையில் வாங்கினால் பணம் ஊருக்குள்ளேயே சுற்றும் என்பார்கள். அது பாதி உண்மை. அண்ணாச்சி கடையில் நான் வாங்கும் சோப்பும் பற்பசையும் பிஸ்கட்டும் சூப்பர் மார்க்கெட்டில் உள்ள அதே கம்பெனிகளுடையவை. தெருவில் தங்குவது கடை வாடகை, பையனின் சம்பளம், அவருடைய சொற்ப லாபம். அந்த லாபத்திலும் ஒரு பங்கு திருநெல்வேலிப் பக்கம் போய்விடும். சரக்கு தரமாக இருக்கும் என்றும் சொல்வார்கள். புதன்கிழமைக் கத்தரிக்காயைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கொஞ்சம் வலுவான காரணம், அளவு. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது மாதச் சம்பளக்காரருக்கான மொழி. அன்றாடக் கூலி வாங்கும் வீட்டில் சாயங்காலம் ஆறரை மணிக்குத்தான் அன்றைய சமையலுக்கான பணம் வரும். நூறு கிராம் பருப்பு, அம்பது எண்ணெய், ஒரு முட்டை, இரண்டு ரூபாய்க்கு மிளகாய்த்தூள். இந்த அளவில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கத் தெரிந்த இடம் அந்தக் கடை ஒன்றுதான். ஆனால் இது அவர்களுடைய காரணம். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. நான் ஏன் அங்கே போகவேண்டும்?

எனக்குப் பிடிபட்ட இடம் அந்த நோட்டு. நீள நோட்டு, மேலே தடித்த அட்டை, ஓரத்தில் நூலில் கட்டிய பேனா. என் பக்கத்தில் 'மாடி சார்' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து கிடையாது, வட்டி கிடையாது, கெடு கிடையாது. எழுதுவதும் அவர்தான், கூட்டுவதும் அவர்தான். நான் சரிபார்த்ததில்லை. அவரும் நான் சரிபார்க்கவேண்டும் என்று எதிர்பார்த்ததில்லை.

2020 ஊரடங்கில் எங்கள் தெருவில் டெம்போ ஓட்டுபவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், ஜவுளிக் கடைப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருமானம் ஒரே வாரத்தில் நின்றுபோனது. நோட்டு இரண்டாகியது. சிலர் கணக்கை முடிக்காமலே ராத்திரியோடு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "போனவன் போயிட்டான் சார். இருக்கிறவன் குடுக்கான்லா?" என்றார். அப்படிப் போனவர்களில் ஒருவர் ஒன்றரை வருஷம் கழித்து ஆரணியிலிருந்து போனில் பணம் அனுப்பினாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வசூலான திருப்தியைவிட வேறொன்று இருந்தது. தன் கணிப்பு தப்பவில்லை என்கிற சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

அரிஸ்டாட்டில் தன் நிக்கோமாக்கிய அறவியலின் எட்டாம் நூலில் நட்பை மூன்றாகப் பிரிக்கிறார்: பயனுக்கான நட்பு, இன்பத்துக்கான நட்பு, நற்பண்புக்கான நட்பு. கடைக்காரருக்கும் நமக்கும் உள்ளது முதல் வகை. அதை அவர் மேலும் இரண்டாகப் பிரிக்கிறார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ஒன்று, பேசி முடித்த நிபந்தனைகளின்படி நடப்பது. மற்றது, நிபந்தனை பேசாமல் நண்பருக்குக் கொடுப்பதுபோலக் கொடுப்பது. ஆனால் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்போடு. சண்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் வருகின்றன என்கிறார். நம்பிக் கொடுத்தவர் அதன் பலனையும் ஏற்கத்தான் வேண்டும் என்று, இப்படிப்பட்ட விவகாரங்களில் வழக்கே போட முடியாத ஊர்களும் உண்டு என்கிறார்.

எங்கள் தெருவும் அப்படிப்பட்ட ஊர்தான். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு யாரும் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை. அதைத் தாங்கி நிற்பது வெட்கம். பாக்கி ஏறியவர்கள் கடை வழியாக வராமல் பின்தெருவில் சுற்றிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வெட்கம் அவர் பக்கமும் உண்டு. கெட்ட முட்டையை எனக்கு விற்றுவிட்டு மறுநாள் காலை பால் பாக்கெட்டை நீட்டியபடி அவரால் என் முகத்தைப் பார்க்க முடியாது. செல்போன் செயலியில் முட்டை உடைந்து வந்தால் பணம் உடனே திரும்ப வந்துவிடும். சொல்லப்போனால் அண்ணாச்சியைவிட ஒழுங்காகவே வரும். ஆனால் அங்கே வெட்கப்படுவதற்கு ஓர் ஆள் இல்லை.

தமிழில் 'கடன்' என்ற சொல் வாங்கிய பணத்தையும் குறிக்கும், செய்யவேண்டியதையும் குறிக்கும். காலைக்கடன், நேர்த்திக்கடன், பெற்ற கடன் எல்லாம் ஒரே சொல்தான். நண்பர் கேட்ட பன்னிரண்டு ரூபாயை நான் அந்தப் பத்தியில்தான் எழுதுவேன். எங்கள் வீட்டுச் சாவி அவர் கல்லாவில் கிடந்திருக்கிறது. சிலிண்டர்காரரிடம் பணம் கொடுத்து வைத்திருக்கிறார். அம்மா தனியாக இருந்த நாட்களில் பதினோரு மணிக்குள் அவள் கீழே வரவில்லையென்றால் பையனை மேலே அனுப்பிப் பார்த்திருக்கிறார். "அப்ப அது சர்வீஸ் சார்ஜ்" என்றார் நண்பர். இல்லை. எதிர் வீட்டார் எல்லாவற்றையும் செயலியில் வாங்குபவர்கள். அவர்கள் சாவியும் அதே கல்லாவில்தான் கிடக்கிறது.

'அண்ணாச்சி கடை' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பெயருக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை விட்டுவிட்டு இதைப் பேசக்கூடாது. 19ஆம் நூற்றாண்டில் கோயிலுக்குள் நுழையவும், திருவிதாங்கூரில் பெண்கள் தோளை மறைக்கவும் தடைவிதிக்கப்பட்ட நாடார் சமூகம், வியாபாரத்தின் வழியாகத்தான் தலைநிமிர்ந்தது. சரக்கு வரவு செலவில் ஒரு சிறு பங்கை மகமை என்று பொதுவில் ஒதுக்கினார்கள். விருதுநகரில் 1889இல் க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளி தொடங்கியது அந்தப் பணத்தில்தான். தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி தொடங்கினார்கள். 1962இல்தான் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. தராசுக்குப் பின்னால் நிற்பது இவர்களுக்குப் பிழைப்பு மட்டுமாக இருக்கவில்லை. இன்னொருவர் முன் கைகட்டி நிற்காமல் வாழ்வதற்குக் கிடைத்த வழியாகவும் இருந்தது. தங்கள்மீது சாத்தப்பட்ட கதவை நினைவில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்களா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. தென்மாவட்டங்களிலிருந்து படிப்பை நிறுத்திக் கூட்டிவரப்பட்டு, மளிகைக் கடைகளின் பின்னறைகளில் மூட்டைகளுக்கு நடுவே தூங்கி வளர்ந்த பையன்களின் கணக்கும் எந்த நோட்டிலும் இல்லை.

இன்னொரு நண்பர் இருக்கிறார். எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார், தலித். அவர் ஊர்க் கடையில் சின்ன வயதில் காசைப் பலகையில் வைக்கவேண்டும். சாமானைக் கையில் படாமல் போடுவார்கள். சென்னைக்கு வந்து முதன்முதலாக சூப்பர் மார்க்கெட்டுக்குப் போன நாளைச் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே கூடை. எதையும் எடுத்துப் பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். பில் போட்ட பெண் மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்தாளாம். "அங்க யாரும் என் முகத்தைப் பாக்கலை. எனக்கு அதான் மரியாதையா இருந்துச்சு" என்றார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை உள்ளூர்க் குறுகலின் சாக்கடை என்ற பொருளில் சாடியது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லாதவர்களில் ஒருவர் இந்த நண்பர்.

இவர் இப்போது அண்ணாச்சி கடையில்தான் வாங்குகிறார். ஆனால் எப்போதும் ரொக்கம். நோட்டில் பெயர் ஏறவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "கடன் குடுக்கிறதுக்கு முன்னாடி அவர் முதல்ல கேக்கிறது என்ன? 'எந்த ஊரு தம்பி?' அடுத்தது, 'அங்க எந்தத் தெரு?'"

நான் அதுவரை அந்தக் கேள்வியை இப்படிக் கேட்டதே இல்லை. என்னிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது; எனக்கு அது பரிவாகத்தான் கேட்டது. கடன் கொடுக்க ஆளைத் தெரிந்திருக்கவேண்டும். ஆளைத் தெரிந்துகொள்ள நம் ஊரில் பழக்கமாக இருப்பது அந்தக் கேள்விதான். அம்மா கீழே வராததைக் கவனித்த அதே கண்தான், தெருவில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதையும் கவனிக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகள் நாப்கின் வாங்க நாலு தெரு தள்ளிப் போவதும் அந்தக் கண்ணுக்காகத்தான். இதில் நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைக் கழித்துவிடலாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இரண்டும் ஒரே கண்.

ஆனாலும் எங்கள் தெருக் கடைக்கும் நண்பரின் ஊர்க் கடைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஊரில் அவருக்கு வேறு கடை இல்லை. முகம் தெரியாதவராக இருக்கவும் வழியில்லை. இங்கே அவர் ரொக்கம் கொடுத்துவிட்டுப் பேசாமல் போகலாம். அண்ணாச்சியும் விட்டுவிடுவார். நான் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் நின்று பேசலாம். தெரிந்தவராக இருப்பதையும் தெரியாதவராக இருப்பதையும் வாங்குபவரே முடிவு செய்கிற இடம் அது. செயலியில் அதில் ஒன்றுதான் உண்டு. நான் பன்னிரண்டு ரூபாய் கூடக் கொடுத்துக் காப்பாற்ற விரும்புவது அதைத்தான். நண்பரின் ரொக்கத்தையும் சேர்த்து.

எத்தனை நாளைக்கு என்று கேட்டால், அண்ணாச்சிக்கே அதில் பெரிய கவலை இல்லை. மகன் பெங்களூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான், கடைக்கு வரமாட்டான். அதில் அவருக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். "நான் நின்னது போதும்லா" என்கிறார். அவர் காலுக்கு வெரிகோஸ் உறை போட்டிருக்கிறார். கடையைத் தொடர்ந்து நடத்தச் சொல்ல எனக்கு ஏது உரிமை?

பத்து நிமிடத்தில் சாமான் கொண்டுவரும் பையன்கள் மத்தியானங்களில் அவர் கடை வாசலில்தான் வண்டியை நிறுத்தி நிற்கிறார்கள். நிழல் இருக்கிறது, பானையில் தண்ணீர் இருக்கிறது. அவர்களில் ஒருவனுக்கு வாரக் கடைசியில்தான் பணம் வருமாம். போன மாதம் இரண்டு வாழைப்பழமும் ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு, "நோட்டுல எழுதிக்கோங்கண்ணே" என்றான். அண்ணாச்சி பேனாவை எடுத்து, நிமிர்ந்து பார்த்து, "பேரு என்னப்பா?" என்றார். ஊரைக் கேட்கவில்லை. அன்று மறந்துவிட்டாரா, இல்லை நகரத்தில் முப்பது வருஷம் இருந்ததில் அந்தக் கேள்வி அவரிடமிருந்து உதிரத் தொடங்கிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. நண்பரிடம் இதைச் சொன்னேன். "அடுத்த தடவை கேப்பார், பாருங்க" என்றார்.