பின்பாட்டில் வந்தான் கண்ணன்

மார்கழி விடிகாலை. எமரால்டு அணைத் தண்ணீர்மேல் மூடுபனி படுத்திருக்கும். புல்லெல்லாம் உறைபனி படிந்து, உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்கள் பஜனை கோஷ்டி தெருவில் இறங்கும். முன்னே ஆர்மோனியம், மிருதங்கம். கடைசி வரிசையில் நான், கையில் ஜால்ரா. ஒரு நாளாவது முன்னால் நின்று பாட விடமாட்டார்களா என்று பன்னிரண்டு வயதில் மனம் வெந்திருக்கிறேன்.

அந்த மனத்தாங்கலைத் தீர்த்து வைத்தவர், லிவர்பூலில் பிறந்த ஒரு கிதார்க்காரர்.

குன்னூரில் வேலை பார்த்த அத்தான் ஒரு கேசட் கொண்டுவந்தார். பீட்டில்ஸ் இசைக்குழு கலைந்த 1970இல், அதன் கிதார்க்காரர் ஜார்ஜ் ஹாரிசன் தனியே பாடி வெளியிட்ட ‘மை ஸ்வீட் லார்ட்’ அதில் இருந்தது. கிதார் மெல்ல ஆரம்பித்தது. பின்பாட்டுக் குரல்கள் முதலில் கிறிஸ்தவத் துதிச்சொல்லைப் பாடின. கேட்டுக்கொண்டே இருக்கையில், எங்கே மாறியதென்று பிடிபடாமல், அதே குரல்கள் ஹரே கிருஷ்ண மந்திரத்துக்குள் நுழைந்துவிட்டன. அப்புறம் குரு வணக்க சுலோகம்! எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “யாருடா இது, வெள்ளைக்காரனா?” என்றாள். கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். “யாரு பாடுனா என்னடா, கூப்புடுறது நம்ம சாமியத்தானே.”

பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன், அந்தப் பின்பாட்டுக் கூட்டம் பெரும்பாலும் ஹாரிசனின் ஒற்றைக் குரல் என்று. திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். தன் பாட்டுக்குத் தானே கடைசி வரிசையில் போய் நின்றிருக்கிறார்!

பீட்டில்ஸிலும் அவர் இடம் அதுதான். ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் எழுதியவற்றுக்கே முதலிடம். பெரும்பாலான இசைத்தட்டுகளில் இவருக்கு ஒன்றிரண்டு பாட்டு. தேங்கிக் கிடந்தவற்றில் பலவும் 1970இல் மூன்று தட்டுத் தொகுப்பில் பொங்கி வந்தன.

பீட்டில்ஸ் நால்வரை எவ்வளவு நேசித்தேனோ, அவ்வளவு கோபமும் பட்டிருக்கிறேன். 1968 பிப்ரவரியில் ரிஷிகேசம் வந்து மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பழகினார்கள். ரிங்கோ ஸ்டார் பத்தே நாளில் கிளம்பினார். அடுத்து மெக்கார்ட்னி. ஏப்ரலில் லெனனும் ஹாரிசனும் குருவிடம் மனம் கசந்து வெளியேறினார்கள். லெனன் அவரைப் பழித்துப் பாட்டே கட்டினார். கங்கைக் கரையில் அமைதி தேடியவர்கள், இரண்டே ஆண்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாட முடியாமல் பிரிந்தார்கள். தாகம் மெய்யானது, காத்திருக்கும் பொறுமைதான் இல்லை. இதைச் சொல்லாமல் மறைத்தால் என் அன்பு பொய்யாகிவிடும்.

என் உயிரான அந்தப் பாட்டுக்கும் ஒரு கறை உண்டு. ‘ஹீஸ் ஸோ ஃபைன்’ என்ற பழைய பாட்டின் மெட்டை ஹாரிசன் தன்னையறியாமல் எடுத்தாண்டுவிட்டார் என்று 1976இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் படித்த அன்று அழுதேன். அம்மா சொன்னதுதான் என்னைத் தேற்றியது. மெட்டுக்கு உடையவர் உண்டு, நாமத்துக்கு ஏது?

கண்ணா, குருவிடம் கசந்து போனவனையும் நீ விடவில்லை! 1992இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், மகரிஷியின் வழிவந்தவர்கள் நடத்திய கட்சிக்காக ஹாரிசன் கச்சேரி செய்தார். 1996இல், பண்டிட் ரவிசங்கருடன் ‘சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா’வை உருவாக்கினார். வேத மந்திரங்களும் சுலோகங்களும் நிறைந்த அந்தத் தொகுப்பின் ஒரு பகுதி நம் சென்னையிலும், மற்றது இங்கிலாந்தில் அவர் வீட்டிலும் பதிவானது. தயாரிப்பாளர் அவரே. ஆனால் உலகமே அறிந்த அந்தக் குரலை அதில் தேடித்தான் பிடிக்க வேண்டும். முன்னே மந்திரம் நிற்கிறது, அவர் பின்னே.

2001 நவம்பர் 29இல் அவர் மறைந்தார். அந்த மார்கழியில் ஊருக்குப் போனேன். அதே பனி, அதே தெரு, கடைசி வரிசையில் அதே ஜால்ரா. நாமம் ஏற ஏற, என் குரல் எனக்கே கேட்காமல் போயிற்று. முன்னே பாடுகிறவர் யார், பின்னே வாங்கிப் பாடுகிறவர் யார் என்று தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து சர்ச் மணி கேட்டது. அதுவும் எங்கள் தாளத்திலேயே விழுந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கிய இடமெல்லாம் சுட்டது. பாடுவதும் அவன், கேட்பதும் அவன். நடுவே நான் என்று ஒருவன் இல்லவே இல்லை!

பஜனையை நடத்தும் பெரியவர் திரும்பிப் பார்த்தார். “முன்னாடி வந்து ஒரு பாட்டு எடுப்பா” என்றார்.

“இருக்கட்டும் மாமா, இங்கயே நிக்கிறேன்” என்றேன்.