சாமுவேலின் தாய் அவசரப்படவில்லை



திருக்குடும்பத் திருவிழாவாகிய இன்று முதல் வாசகத்தில் அன்னாவைச் சந்தித்தோம். பிள்ளையில்லாமல் பல ஆண்டுகள் அழுதவர். பிறக்கும் மகனை ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை செய்தவர். மகன் சாமுவேல் பிறந்தான். கணவர் எல்கானா வழக்கம்போலக் குடும்பத்தோடு சீலோவுக்குப் புறப்பட்டார். அன்னா போகவில்லை. பையன் பால்குடி மறக்கட்டும், பிறகு கூட்டி வருகிறேன் என்றார். கடவுளுக்கே கொடுத்த வாக்கு அது. அதற்குக்கூட அவர் தேதி குறிக்கவில்லை, குழந்தையைப் பார்த்து முடிவு செய்தார். அந்தக் காலத்தில் மூன்று ஆண்டு வரை பால் கொடுத்தார்கள் என்பது, மக்கபேயர் இரண்டாம் நூலில் ஏழு மகன்களின் தாய் பேசும் இடத்திலிருந்து தெரிகிறது.

மூன்று வயது என்றால் இன்று ப்ரீ-கேஜி வயது. பொங்கல் முடிந்ததும் உங்களில் சிலர் பள்ளிப் படியேறுவீர்கள். "பாப்பா டயப்பர் இல்லாம இருக்குமா?" என்று அங்கே ஒரு கேள்வி வரும். அன்று மாலையே வீட்டில் போர் தொடங்கிவிடும். ஜூனுக்குள் பழக்கியாக வேண்டும். எதிர்வீட்டுப் பிள்ளை ஒன்றரை வயதிலேயே சொல்லுகிறதாம். நம் பிள்ளைக்கு என்ன கேடு?

திருப்பலியில் பேசுகிற விஷயமா இது என்று பின்வரிசையில் சிலர் நெளிவது தெரிகிறது. திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே மார்சியோன் என்பவர் இப்படித்தான் நெளிந்தார். கடவுள் பச்சைக் குழந்தையாகப் பிறப்பதா, துணியில் பொதியப்படுவதா, அந்த அசுத்தமெல்லாம் கடவுளுக்கு ஆகுமா என்று அருவருத்தார். கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அவரை விடவில்லை. மனிதன் பிறந்து வளரும் விதத்தை அருவருப்பவர் மனிதனை எப்படி அன்பு செய்ய முடியும் என்ற பொருளில் பதிலடி கொடுத்தார். நான்கு நாளுக்கு முன் நாம் குடிலில் வைத்து வணங்கிய பாலனுக்கும் துணி மாற்ற வேண்டியிருந்தது. மரியா அலசித்தான் காயப்போட்டிருப்பார். எனவே தயங்காமல் பேசுவோம்.

பாட்டிமார்கள் உடனே சொல்வார்கள்: "நாங்கல்லாம் ஆறு மாசத்துலயே பழக்கிட்டோம், சாமி." உண்மைதான். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவே பிள்ளையை இருத்தி, 'உஸ்ஸ்' என்று ஒலி எழுப்பினால் பிள்ளை போய்விடும். நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே உண்மையில் பழகியது யார்? எழுந்ததும் போகும், பால் குடித்தால் போகும், முகம் சுளித்தால் போகும் என்று அம்மாவும் பாட்டியும் அல்லவா பிள்ளையின் நேரத்தைக் கற்றுக்கொண்டார்கள்! நாள் முழுவதும் கூடவே ஆள் இருந்த வீடு அது. துணி நனைந்தால் அடுத்த நொடி தெரியும். இன்று பேம்பர்ஸ் அதை மறைத்துவிடுகிறது, பிள்ளைக்கே தெரியாதபடி. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பாட்டி செய்ததை அப்படியே செய்யச் சொல்வது நியாயமல்ல. பாட்டி பிள்ளையைக் கவனித்த அந்தக் கண் மட்டும் நமக்கு வேண்டும்.

மேல்நாட்டிலோ கடிகாரத்தை வைத்துப் பிள்ளையைப் பழக்கிய காலம் உண்டு. 1920, 30களில் அமெரிக்காவில் அரசுக் கையேடே சில மாதக் குழந்தையை நேரம் தவறாமல் உட்கார வைக்கச் சொன்னது. பிறகு பெர்ரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர், தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளின் குறிப்புகளை வைத்து 1962இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றரை வயதுக்குப் பிறகு, பிள்ளை ஆயத்தமாக இருக்கும்போது, வற்புறுத்தாமல் தொடங்கச் சொன்னார். அப்படித் தொடங்கிய பிள்ளைகள் சராசரியாக 28 மாதத்தை ஒட்டிப் பகலில் தாமாகவே போகப் பழகினார்கள். சராசரி என்றால் சிலர் அதற்கு முன்னும் சிலர் பின்னும் இருப்பார்கள் என்பதை அத்தைமார்கள் தயவுசெய்து நினைவில் வைக்கவும்.

ஆயத்தம் என்பதை எப்படிக் கண்டுகொள்வது? பிள்ளை வாய்திறந்து சொல்லாது, ஆனால் காட்டும். இரண்டு மணி நேரம் ஜட்டி நனையாமல் இருக்கும். கக்கா வரும்போது விளையாட்டை நிறுத்தி, கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும். நனைந்ததும் பிடித்து இழுத்துக் கழற்றப் பார்க்கும். "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வரும். விழாமல் உட்காரும், தானே எழும். அண்ணன் குளியலறைக்குப் போனால் பின்னாலேயே போகும். இவற்றில் பல சேர்ந்து வந்தால் தொடங்கலாம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள். தம்பி பிறந்த வீட்டிலும் வாடகை வீடு மாறிய வாரத்திலும் தொடங்க வேண்டாம். பழகிய பிள்ளையே அப்போது பின்னுக்குப் போகும். அது குறும்பு அல்ல.

பெரியவர்களின் கம்மோடில் கால் தொங்க உட்கார்ந்தால் பிள்ளைக்குப் பயம். விழுந்துவிடுவோமோ என்றிருக்கும். ஓட்டை வைத்த சின்ன பிளாஸ்டிக் நாற்காலி போதும், பாதம் தரையில் படட்டும். பிடிவாதமாக உட்கார வைத்துத் திட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? பிள்ளை அடக்கும். அடக்கினால் மலம் இறுகும், போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். மலச்சிக்கலோடு மருத்துவரிடம் வரும் பிள்ளைகள் பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. இரவில் நனைப்பது வேறு சங்கதி. ஐந்து வயது வரை அதை மருத்துவர்கள் நோயாகக் கணக்கிடுவதே இல்லை. பல வீடுகளில் அப்பாவும் சின்ன வயதில் நனைத்தவராகத்தான் இருப்பார்.

பிள்ளை எப்போது ஆயத்தம் என்ற கேள்வியோடு திருச்சபையும் மல்லுக்கட்டியிருக்கிறது. புதுநன்மை வாங்கப் பிள்ளை எப்போது ஆயத்தம்? பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது வரை, அதற்கு மேலும்கூடக் காக்க வைத்தார்கள். 1910இல் திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் அதை ஏழு வயதை ஒட்டியதாக ஆக்கினார். முழு மறைக்கல்வியையும் ஒப்பிக்க வேண்டியதில்லை, சாதாரண அப்பத்திலிருந்து நற்கருணையைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும் என்றார். அந்த வயதையும் அவர் கறாராக வைக்கவில்லை; கொஞ்சம் முன்னேயும் இருக்கலாம், பின்னேயும் இருக்கலாம். பிள்ளையை நன்கு அறிந்த அப்பாவும் ஆன்மகுருவும் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டார். இங்கே அவசரமில்லை என்று நான் சொல்கிறேன், அங்கே அவர் தாமதிக்காதீர்கள் என்றார். இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் முகத்தைத்தான்.

எல்கானாவைப் பற்றி ஒரு வார்த்தை. மனைவியின் பொருத்தனையைச் சொல்லிக் காட்டி அவர் நெருக்கவில்லை. உனக்கு நல்லதென்று பட்டதைச் செய், பையன் பால் மறக்கும்வரை இரு என்றார். நம் வீடுகளில் தரை நனைந்தால் எல்லாக் கண்ணும் அம்மா பக்கம் திரும்பும். "இன்னும் பழக்கலையா?" என்று மாமியார், நாத்தனார், குடும்ப வாட்ஸ்அப் குழு. அப்பாக்களே, அந்தப் பேச்சு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நிறுத்துவது உங்கள் வேலை. மாப் போடுவதும் உங்கள் வேலைதான். அதற்கு அருள்பொழிவு எதுவும் தேவையில்லை.

நம் பங்குப் பள்ளியின் மழலையர் வகுப்பிலும் டயப்பர் பற்றிய அந்தக் கேள்வி விண்ணப்பத்தில் இருக்கிறது. அதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று தலைமைச் சகோதரியிடம் பேசுகிறேன். வகுப்பில் ஆயாம்மா இருக்கிறார். நீங்கள் விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பையில் இரண்டு ஜட்டியும் ஒரு மாற்று உடையும் வையுங்கள், இழுத்தால் இறங்குகிற எலாஸ்டிக் கால்சட்டையாக இருக்கட்டும். விசுவாச அறிக்கைக்கு எழுந்து நிற்போம்.