மூன்றாம் தரப்பு

நாய் வளர்ப்போருக்கு வீடு இல்லை என்று மறுக்கும் உரிமையாளர் இரக்கமற்றவரா? நாய் இருப்பதை மறைத்துக் குடிபுகுபவர் நேர்மையற்றவரா? நகர வாழ்வில் அன்றாடம் எழும் இச்சிறு வினாவினுள் உடைமை, வாக்கு, இரக்கம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

உரிமையாளரின் அச்சம் வெறும் கற்பனையன்று. பலருக்கு அந்த மாடிப் பகுதியே முதுமைக்கால வருவாய். கீறப்பட்ட கதவும், நாற்றம் ஊறிய தரையும், இரவுக் குரைப்பால் கசந்துபோன அண்டை வீட்டாரும் அவர் கண்முன் நிற்கின்றனர். ஆயினும், வாடகைக்கு விடப்படுவது நான்கு சுவர்கள் மட்டுமல்ல. அங்கே ஒருவர் வாழ வருகிறார். தனித்து வாழும் மூதாட்டிக்குப் பூனை ஒன்றே பேச்சுத்துணையாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 51அ பிரிவு. குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிக்கலாகாது என 2015-இல் விலங்குகள் நல வாரியம் வழிகாட்டியது. ஆனால் தனி உரிமையாளர் தம் ஒப்பந்தத்தில் இடும் நிபந்தனை வேறு வகையானது. அங்கே சட்டத்தைவிட மனச்சான்றே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

வாடகை ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்திடுகின்றனர். மூன்றாம் தரப்பான அந்த வாயில்லா உயிர் கையெழுத்திடுவதில்லை. ஆனால் ஒப்பந்தம் முறிந்தால் முதலில் தெருவுக்கு வருவது அதுவே. குட்டியாய் இருந்தபோது கொஞ்சியவர்கள், வீடு மாறும்போது அதை ஊர்ப்புறத்தில் இறக்கிவிட்டுப் போவதுண்டு. பசியாலோ தாகத்தாலோ வாடும்படி விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கும் மேலாக, அது வாக்கு மீறல். உணவிட்டு நம்பவைத்த கை, சொல்லாமலே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டதன்றோ?

ஒரு வாக்கைக் காக்க மற்றொன்றை முறிக்கவும் ஆகாது. விலங்கை மறைத்து வைப்பவர் உரிமையாளரை ஏமாற்றுகிறார். பிடிபடும் நாளில் விலங்கையும் இழக்கிறார். எனவே முன்கூட்டியே சொல்வதும், தடுப்பூசிச் சான்றைக் காட்டுவதும், சேதத்தை ஈடுசெய்வதாக எழுதிக் கொடுப்பதும் குடியிருப்பவரின் கடமை. பதினொரு மாதத்திற்கு ஒருமுறை வீடு மாற நேரிடுவோர், குட்டியை எடுக்குமுன் அடுத்த வீட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமையாளரோ, 'நாயே கூடாது' என்பதற்குப் பதிலாக, 'இந்த நாயை இவர் எப்படி வளர்க்கிறார்?' என்று கேட்கலாம். இனத்தைக் கண்டு மறுப்பதினும் நடத்தையைக் கண்டு முடிவு செய்வதே நீதிக்கு நெருக்கமானது.

விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது; மனிதருக்கே உரிய அன்பை அவற்றிற்கு அளித்தலாகாது என்றும் அதே பகுதி எச்சரிக்கிறது. ஆகவே அண்டை வீட்டுக் குழந்தையின் அச்சமும் நம் கணக்கில் சேர வேண்டும். எவ்வளவு பேசியும் உரிமையாளர் இசையாவிடில், சற்றுத் தொலைவான வீட்டைத் தேடும் சிரமத்தை ஏற்பதே முறை. அந்தச் சிரமம் நாம் கொடுத்த வாக்கின் விலை.