முயற்சியின்மையா, இயலாமையா?

பத்து நிமிடம் தொடர்ந்து புத்தகத்தின்முன் அமர இயலாத சிறுவனை உலகம் ‘சோம்பேறி’ என்கிறது. வீட்டுப்பாடத்தை எழுதி முடித்தும் பள்ளிக்கு எடுத்துச் செல்ல மறப்பவனை ‘அக்கறையற்றவன்’ என்கிறது. ‘அவனால் முடியும், அவன் விரும்பவில்லை’ என்ற தீர்ப்பு இச்சொற்களுள் மறைந்திருக்கிறது. அத்தீர்ப்பு சரியா என்று ஆராய்வதற்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் அதைக் கேட்டு வளரும் குழந்தை இறுதியில் தானும் அதை நம்பிவிடுகிறது.

நல்லது எது என்று அறிந்தும் மனிதன் அதைச் செய்யாமல் போவது ஏன் என்று அரிஸ்டாட்டில் ஆராய்ந்தார். ஒன்றைக் கடமை என்று விதித்தால் அதை ஆற்றும் திறனும் இருக்கவேண்டும் என்பது காண்டின் கொள்கை. அவ்வாறெனில், ஒருவரைக் குறைகூறுவதற்கு முன் அவரால் எது இயலும் என்று அறிவது குறைகூறுபவரின் முதற்கடமை ஆகிறது.

மருத்துவமும் இக்கேள்வியில் தடுமாறியதுண்டு. அறிவுத்திறன் குன்றாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி, ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-ஆம் ஆண்டு லண்டனில் உரையாற்றினார். அந்நிலையை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980-இல் ‘கவனக்குறைவு’ என்ற பெயர் இடம்பெற்றது; 1987-இல் இன்று வழங்கும் ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, என்ற பெயர் வந்தது.

இதனை அறிய உளவியலாளர் செய்யும் மதிப்பீடு பொறுமையான விசாரணை. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே கேட்கிறார், குழந்தையுடன் உரையாடுகிறார், உறக்கமின்மை, கவலை, கற்றல் குறைபாடு, செவித்திறன் குறைவு போன்ற வேறு காரணங்கள் உண்டா என்றும் பார்க்கிறார். அக்கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அறிகுறிகள் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்கவேண்டும். ஆறு மாதமேனும் நீடிக்கவேண்டும். வீடு, பள்ளி, பணியிடம் போன்ற சூழல்களில் இரண்டிலேனும் காணப்படவேண்டும். ஒரு வகுப்பில் மட்டும் குறும்பு செய்பவன் இதில் அடங்கமாட்டான். மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். எங்கே தொடங்குவது என்று அறியாதவர்கள், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

‘இப்படிப் பெயர் சூட்டினால், முயற்சியைக் கைவிட அதுவே சாக்காகிவிடாதா?’ என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். காற்றில் அலையும் சுடரை அதட்டி நிலைநிறுத்த இயலாது, மறைப்புக் கட்டவேண்டும். ஆயினும் மறைப்புக் கட்டுவதும் எண்ணெய் ஊற்றுவதும் முயற்சியே. ‘கவனமாக இரு’ என்பது வெறும் கட்டளை. ‘இந்த மூன்று கணக்குகளை முடித்துக் கொண்டுவந்து காட்டு’ என்பது உதவி. வேலையைச் சிறு பகுதிகளாக்குதல், கண்முன் கடிகாரம் வைத்தல், பொருள்களுக்கு நிலையான இடம் வகுத்தல், நன்கு செய்தவுடன் பாராட்டுதல் ஆகியவற்றை உளவியலாளர் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கற்றுத்தருகிறார்.

மதிப்பீட்டுக்குப் பின் பொறுப்பு மறைவதில்லை, இடம் மாறுகிறது. தம் நினைவு நழுவும் என்று அறிந்த ஒருவர், நண்பருக்குக் கொடுத்த வாக்கை மறந்தால் அம்மறதிக்காக அவரைப் பழிப்பது முறையன்று. ஆனால் அதைக் குறித்துவைக்காமல் விட்டதற்கு அவர் பொறுப்பாளி. காத்திருந்த நண்பரின் வருத்தமும் உண்மையானது. அவரிடம் வருத்தம் தெரிவிக்கும் கடமையும் நீங்குவதில்லை. அவ்வாறே, குழந்தையின் நிலையை அறிந்தபின்னும் பழைய சொற்களையே வீசும் பெரியவர்களும் தம் சொல்லுக்குப் பொறுப்பாளிகள்.

தன் மனத்தின் இயல்பை உள்ளபடி அறிவது தன்னடக்கத்தின் முதற்படி. அந்தப் படியில் ஏற ஒருவருக்குக் கை கொடுப்பது, அவர் ஏறவில்லை என்று கீழே நின்று கடிந்துகொள்வதைவிட உயர்ந்த அறம்.